போன் வந்த கதையும், நம்பர் மறந்த கதையும்



தெற்காசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் நம் நாட்டில்தான் தொடங்கியது. செல்டெல் கொண்டுவந்த அந்தப் போன் வசதியானவர்கள் கையில்தான் இருந்தது. 1995இல் டயலொக் வந்தது. இன்று தோட்டத்து லயங்களிலும் போன் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பிரயாணம் போகிறவர்கள் நம்பர்களைச் சின்னக் கொப்பியில் எழுதிக் கொண்டுபோவார்கள். இப்போது எல்லாமே போனுக்குள். போன் செத்தால் நம்பரும் போய்விடும்.

2016 மே மாதம் அரநாயக்கவில் மண்சரிவு. 2017 மே மாதம் இரத்தினபுரியில் வெள்ளமும் மண்சரிவும். இப்படியான நேரத்தில் கரண்ட் போனால் டவர் பேட்டரியில் கொஞ்ச நேரம்தான் ஓடும். சிக்னலைத் தேடித் தேடியே நம் போனின் சார்ஜும் இறங்கும்.

அதனால் மழைக்காலத்தில் பெல்மதுளைக்கோ எம்பிலிப்பிட்டியவுக்கோ போனாலும் இவற்றைக் கவனியுங்கள்:

- சிக்னல் இல்லாத இடத்தில் பிளைட் மோடில் போட்டுவிட்டு, இடைக்கிடை மட்டும் திறந்து பாருங்கள்.
- கோல் போகாவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். குறைந்த சிக்னலிலும் அது போய்ச் சேர வாய்ப்புண்டு.
- போகும் வழியின் மெப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்யுங்கள்.
- அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. கடதாசியில் எழுதிப் பேர்ஸில் வையுங்கள்.

வாப்பா, உம்மாவின் நம்பர் மனப்பாடமா என்று பிள்ளைகளிடம் இன்றே கேட்டுப் பாருங்கள்.