வங்காளப் பழச் சட்னி

கல்கத்தாவிலும் வங்காளத்தின் பிற ஊர்களிலும் மீனும் மாமிசமும் பரிமாறி முடிந்தபின், ரசகுல்லா, மிஷ்டி தொய் முதலிய மதுர பதார்த்தங்கள் வருவதற்கு முன்பு, பொரித்த அப்பளத்தோடு இலைக்கு வரும் பழப் பாகம். தென்னாட்டில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னியைப் போல் அரைக்கப்படாமல், பழத்துண்டுகள் சர்க்கரையிலோ வெல்லத்திலோ வெந்து பளபளப்பதே இதன் லக்ஷணமாகும்.

மாங்காய், தக்காளி, அன்னாசி ஆகியவற்றின் சட்னிகளோடு, மெல்லிய வில்லைகளாகச் சீவிய பச்சைப் பப்பாளிக்காயைக் கண்ணாடியெனத் தெளியும் வரை பாகில் கொதிக்கவைத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து செய்யும் 'பிளாஸ்டிக் சட்னி'யும் கல்யாண விருந்துகளில் பிரசித்தமானது.

காஷ்மீரத்திலும் ஹிமாசலத்திலும் விளைந்து கல்கத்தாவின் மேச்சுவா பழச் சந்தைக்கு வந்து சேரும் ஆப்பிளும் இம்முறைக்கு உகந்ததே. 500 கிராம் ஆப்பிளுக்கு ஒரு மேஜைக்கரண்டி கடுகெண்ணெயைப் புகையக் காய்ச்சி, வற்றல் மிளகாயும், வெந்தயம், கருஞ்சீரகம், சீரகம், பெருஞ்சீரகம், கடுகு ஆகிய ஐந்தும் கலந்த பாஞ்ச்போரனும் தாளித்து, துண்டுகளை உப்பும் மஞ்சளும் இட்டு வதக்கி, 100 கிராம் சர்க்கரை சேர்த்துச் சிறுதீயில் பாகு சுண்டும் வரை விட்டு, வறுத்த சீரகப்பொடி தூவி இறக்குவர். சர்க்கரையை முன்னதாகவே சேர்த்தால் துண்டுகள் குழையா.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், வெண்ணெயில் வதக்கிய ஆப்பிளுக்குப் பழுப்புச் சர்க்கரையும் லவங்கப்பட்டைப் பொடியும் இட்டு, காலையாகாரத்தோடும் பன்றி இறைச்சியோடும் உண்பது இதற்கு இணையான வழக்கம்.