எந்த மொழியில் தேடுவது?

உயர்தரத்தில் ஐ.சி.டி படிக்கும் பிள்ளைகளும் சில பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சேர், எழுத்துக் கோப்புகளில் தேடவும் பிரிக்கவும் எந்தக் கணினி மொழி நல்லது? பேர்ளா, பைதனா?" ஒரே சொல்லில் பதில் சொல்வதை விட, இந்தக் கருவிகள் பிறந்த கதையைச் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன்.

தொடக்கம் கணினியில் அல்ல, மனித மூளையில். நரம்புக் கலங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கணிதத்தில் எழுத முயன்ற ஸ்டீபன் கிளீனி, 1951இல் ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். 1968இல் கென் தொம்சன் அதையே எழுத்துக்களைத் தேடுவதற்குப் பயன்படுத்தும் வழியை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

பிறகுதான் சுவாரசியம். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் லீ மக்மஹன் என்பவர் 'பெடரலிஸ்ட்' கட்டுரைகளை ஆராய விரும்பினார். 1787-88இல் மூவர் ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள் அவை. அவற்றில் 12ஐ ஹமில்டன் எழுதினாரா மெடிசன் எழுதினாரா என்பது நெடுநாள் தகராறு. சொற்பழக்கத்தை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். ஆனால் அன்றைய தொகுப்பி முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றும். இருந்த இடமோ 64 கிலோபைட். கட்டுரைகள் ஒரு மெகாபைட்டுக்கும் மேல். தொகுப்பியின் தேடும் பகுதியை மட்டும் தொம்சன் தனியே பிரித்தெடுத்து, கோப்பை வரி வரியாகப் பார்க்கும் 'கிரெப்' என்ற கருவியாக்கினார். பிரையன் கேர்னிகன் பின்னாளில் சொன்ன கதை இது.

கிரெப் வரியைக் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். புள்ளிப் பட்டியல் போல நிரல் நிரலாக உள்ளதைக் கூட்டிக் கழிக்க 1977இல் 'ஆக்' வந்தது. ஆஹோ, வைன்பேர்கர், கேர்னிகன் மூவரின் பெயர் முதலெழுத்துக்களே அதன் பெயர். ஆக் போதாமல் போனபோது, மொழியியல் படித்த லாரி வோல் 1987இல் பேர்ளை வெளியிட்டார். தேடுதலை மொழியின் உள்ளேயே வைத்தது அதன் பலம். ஒரே வேலையைப் பத்து விதமாக எழுத விட்டது அதன் பலவீனம்; ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே விளங்காது. 1991இல் வந்த பைதன் வாசிக்க இலகு. இன்று பேர்ளின் செல்வாக்குக் குறைந்துவிட்டது, ஆனால் அதன் தேடற்குறிகளையே பைதன் உட்பட எல்லோரும் எழுதுகிறார்கள்.

இப்போது நமது பிரச்சினைக்கு வருவோம். பழைய சேர்வு இடாப்பில் முஹம்மது, முகம்மது, முகமது, முஹம்மத் என்று ஒரே பெயர் பல விதமாக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்று என்று அலைந்தவர்களுக்கு இதன் வலி தெரியும்.

மு[ஹக](ம்)?ம(து|த்)

இந்த ஒரு வரி எட்டு விதமான எழுத்துகளையும் பிடிக்கும். அடைப்புக்குறியை விட்டுவிட்டு 'ம்?' என்று எழுதினால் முகமது அகப்படமாட்டார். நமக்கு 'ம்' ஓர் எழுத்து. கணினிக்கு மகரமும் புள்ளியுமாக இரண்டு. கேள்விக்குறி புள்ளியோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

ஆங்கிலத்துக்காகச் செய்த கருவி என்பதன் அடையாளம் இன்னும் இருக்கிறது. ஒரு சொல்லைப் பிடிக்கும் குறியைப் பைதனின் சாதாரண 're' தொகுதியில் கொடுத்து 'தமிழ்' என்பதைத் தேடினால், 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகள்தான் வரும். விசிறியும் புள்ளியும் அதற்கு எழுத்தே அல்ல. பேர்ளில் யூனிகோட் எழுத்தாக வாசித்தால் அதே சொல் முழுதாக வரும்.

ஆகவே நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: ஒரு வரியைத் தேட கிரெப், புள்ளிப் பட்டியலுக்கு ஆக், மற்றவர்களும் வாசித்துத் திருத்த வேண்டிய வேலைக்குப் பைதன். பாடத்திட்டத்திலும் பைதனே இருக்கிறது. ஆனால் தமிழ்க் கோப்பு என்றால் 're' வேண்டாம். 'ரெஜெக்ஸ்' என்ற தனித் தொகுதியை நிறுவிக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' உடையாது.