லயத்து வீடும் லயமில்லா இசையும்

ஆயர் தாவார் என்னும் பெயருக்கு மலாய் மொழியில் உப்புக் கரிக்காத நன்னீர் என்பது பொருள். 'தாவார்' என்னும் அதே சொல்லடியிலிருந்தே, நஞ்சை முறிக்கும் மருந்தைக் குறிக்கும் 'பெனாவார்' என்னும் சொல்லும் பிறந்தது. பெயரிலேயே ஆற்றும் பண்பைத் தாங்கி நிற்கும் இச்சிற்றூரை அடுத்த ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த என்போன்றோர்க்கு, 'மனத்தை ஆற்றும் இசை' என்று விற்கப்படும் ஒருவகை இசை முதலில் வியப்பையே தந்தது. அதில் பாட்டு இல்லை. கையால் தட்டிப் பார்க்கத் தாளம் இல்லை. இங்கே தொடங்கிற்று, இங்கே முடிந்தது என்று சொல்லவும் இயலாது. இழுத்து நிறுத்திய ஒரு சுருதியும், அதன்மேல் அவ்வப்போது மிதந்து செல்லும் ஒரு குழலோசையும், சில வேளைகளில் நீர் ஓடும் ஒலியும், அவ்வளவே. ஆங்கிலத்தில் 'நியூ ஏஜ்' என வழங்கும் இதனைப் புதுயுக இசை என்று நாம் சொல்லலாம்.

பெயர்தான் புதிது, இசையால் உயிர்களை ஆற்றலாம் என்னும் எண்ணம் புதிதன்று. அகநானூற்றின் 102ஆம் பாடலில், தினைப்புனத்துக் கொடிச்சி கூந்தலை உலர்த்தியவாறே குறிஞ்சிப்பண் பாட, கதிரைத் தின்ன வந்த களிறு தின்பதையும் மறந்து நின்றபடியே உறங்கிவிடுகிறது. பொருநராற்றுப்படையில் பாலை யாழ் வழிப்பறிக் கள்வரின் கைப்படையை நழுவச் செய்கிறது. புறநானூற்று 281ஆம் பாடலோ நெஞ்சை உருக்குவது. போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க, வீட்டில் வேப்பிலை செருகி, யாழும் பிற கருவிகளும் இசைத்து, காஞ்சிப் பண்ணைப் பாடுகிறார்கள். மருத்துவமனை தோன்றாத காலத்து மருத்துவமனை அது. ஆனால் மாணவர் கருத வேண்டிய ஒன்று உண்டு. இம்மூன்று இடங்களிலும் இசைக்கு ஓர் இடமும் ஒரு நேரமும் ஒரு காரணமும் உண்டு. தொல்காப்பியர் யாழையும் பறையையும் நிலத்தின் கருப்பொருள்களோடு சேர்த்து எண்ணியது அதனாற்றான்.

மேல்நாட்டில் இவ்விசை எவ்வாறு உருவாயிற்று? 1955இல் யெகுதி மெனுகின் அழைப்பை ஏற்று நியூயார்க் சென்ற அலி அக்பர் கான், காலை இராகம் ஒன்றையும் மாலை இராகம் ஒன்றையும் நெடு இசைத்தட்டில் பதிவு செய்தார். 1964இல் டோனி ஸ்காட் என்னும் அமெரிக்கக் கிளாரினெட் கலைஞர், சப்பானியக் கலைஞர் இருவரோடு சேர்ந்து தியானத்துக்கென்றே ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். 1968இல் பால் ஹார்ன் தாஜ்மகாலின் உள்ளே தனியே நின்று புல்லாங்குழல் ஊதினார். ஓர் ஒலி அடங்குமுன் அடுத்த ஒலி அதன்மேல் படிந்தது. அங்கே கட்டடமே பக்கவாத்தியம்! 1975இல் ஸ்டீவன் ஹால்பெர்ன், கேட்போர் மனத்தில் அடுத்து என்ன வரும் என்னும் எதிர்பார்ப்பைத் தூண்டாத இசையே ஓய்வு தரும் என்னும் கொள்கையோடு தம் முதல் தொகுப்பை வெளியிட்டார். மறு ஆண்டு வில்லியம் ஆக்கர்மன் கலிபோர்னியாவில் விண்டம் ஹில் நிறுவனத்தைத் தொடங்கினார். 1987இல் கிராமி விருதுக் குழுவினர் இவ்விசைக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை ஏற்படுத்தினர். முதற்பரிசு சுவிட்சர்லாந்து நாட்டு யாழ்க் கலைஞர் ஆந்திரேயாஸ் வோலன்வைடருக்குக் கிடைத்தது.

இவ்வளவு ஆண்டுக் கணக்கும் சொல்லாத ஒன்றை ஒரு சிறு நிகழ்ச்சி சொல்லிவிடுகிறது. 1971 ஆகஸ்ட் முதல் நாள் நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நிதி திரட்டும் இசைநிகழ்ச்சி நடந்தது. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் கருவிகளுக்குச் சுருதி கூட்டி முடித்ததும் மாபெரும் அவை கைதட்டி ஆரவாரித்தது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் இனி வாசிக்கப்போவது இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவையினரின் அறியாமையை எண்ணி நாமும் சிரித்திருக்கிறோம். இன்று எண்ணிப் பார்க்கையில், அவர்கள் அறியாமல் ஒன்றைக் காட்டிக்கொடுத்தார்கள் என்றே தோன்றுகிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்தச் சுருதிதான். இராகத்தின் வளர்ச்சியும் தாளத்தின் கணக்கும் பயின்ற செவிக்கு உரியவை. தம்பூராவின் ரீங்காரமோ எவரையும் 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்பதில்லை. புதுயுக இசை நம் இசை மாளிகையிலிருந்து அடித்தளத்தை மட்டும் பெயர்த்தெடுத்துச் சென்று, அதன்மேல் மாளிகை எழுப்பாமல் அங்கேயே படுத்துக்கொண்டது. இதை நான் இகழ்ச்சியாகக் கூறவில்லை. களைத்தவனுக்கு மாளிகையைவிடத் திண்ணையே இனிது.

இனி நம் பக்கம் வருவோம். தோட்டத்தில் நாங்கள் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு 'லயம்' என்று பெயர். ஆங்கிலச் சொல்லான 'லைன்' நம்மவர் நாவில் லயமாயிற்று. இசையின் காலப்பிரமாணத்தைக் குறிக்கும் லயத்துக்கும் இதற்கும் உறவில்லை என்று மொழியியலார் கூறுவர், வாழ்ந்தவர் ஒப்பமாட்டார். பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் கூடுவது, மரத்துக்கு மரம் நடையிலேயே பால் வெட்டுவது, வெயில் ஏறுமுன் மங்குகளிலிருந்து பாலைச் சேர்ப்பது என்று எல்லாம் ஒரு கதியில் நடந்தன. மாலையில் ஒரு வீட்டு வானொலி ஆறு வீட்டுக்குப் பாடும். மலேசிய வானொலியின் இந்தியப் பகுதி ஒலிபரப்பிய பாடலைப் பலகைச் சுவருக்கு அப்பால் இருக்கும் அத்தை முணுமுணுப்பார். இப்பால் இருக்கும் பாட்டி அந்தப் பாட்டு பிடிக்கவில்லை என்று உரக்கச் சொல்வார். திருவிழாவில் உறுமி மேளம் அதிரும். சொல்லில்லா இசையும் எங்களுக்கு இருந்தது; கோயில் நாகசுரத்தின் ஆலாபனையில் சொல் ஏது? ஆயினும் அதனைத் தனித்துக் கேட்டவர் எவருமில்லை.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நின்றது. மக்கள் ஈப்போவுக்கும் சித்தியவானுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்து, கல்சுவர் வீடுகளிலும் அடுக்ககங்களிலும் குடியேறினர். ஏறத்தாழ அதே காலத்தில்தான் ஒலிநாடா மலிந்தது. 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மன் வந்தது. கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும், காதைச் சாத்திக்கொள்ள ஒரு கருவியும் கிடைத்தன. புதுயுக இசையின் கவர்ச்சிக்கு அதன் சுரங்களில் மட்டும் காரணம் தேடுவோர் இந்தக் கதவை மறந்துவிடுகின்றனர். அது தனியறையின் இசை. சேர்ந்து பாட அதில் ஒன்றுமில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல அடுத்த வீட்டுப் பாட்டியும் இல்லை.

தமிழில் இவ்வகைக் கேட்பு முறைக்கு வழி திறந்தவர் இளையராஜா. 1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்', 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' ஆகிய இரண்டும் திரைக்கதையின் துணையின்றி நின்ற கருவியிசைத் தொகுப்புகள். முன்னதனைத் தியாகராசருக்கும் பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கினார். அதன் ஒரு பகுதிக்குப் பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகப் பெயரிட்டதும் கருதத்தக்கது. நேர்மையாகச் சொன்னால் இவை புதுயுக இசை அல்ல, வி. எஸ். நரசிம்மனின் வயலினுக்கு அங்கே இருந்த வேலை மிகப் பெரிது. எனினும் திரைப்பாடல் வரிகளையே மனப்பாடம் செய்து வளர்ந்த நாங்கள், வரியில்லாத ஒன்றை இரவில் விளக்கணைத்துக் கேட்கப் பழகியது அந்த ஒலிநாடாக்களில்தான்.

தமிழாசிரியருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதே, பொருள் விளங்கும் சொல்லில் இசை வேண்டும் என்னும் வேட்கையால். அந்தப் போராட்டத்தின் பேரப்பிள்ளைகள் இன்று சொல்லே வேண்டாம் என்று கைப்பேசியில் மழையோசை கேட்டு உறங்குகின்றனர். சொல் வந்தாலும் அது விளங்க வேண்டுவதில்லை. 2025 பிப்ரவரியில் சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டன், தென்னாப்பிரிக்கக் குழல் கலைஞர் வௌட்டர் கெல்லர்மன், செல்லோ கலைஞர் எரு மட்சுமோட்டோ ஆகியோருடன் 'திரிவேணி' தொகுப்புக்காக அதே கிராமிப் பிரிவில் பரிசு பெற்றார். வேத மந்திரங்கள் அங்கே ஒலிகளாகவே உலகெங்கும் செவிக்குள் இறங்குகின்றன.

உறங்கப்போகுமுன் அப்படிக் கேட்கும் மாணவன் ஒருவனிடம், ஏன் பாட்டுக் கேட்கக்கூடாது என்று ஒருமுறை வினவினேன். "பாட்டு வந்தா யோசிக்க ஆரம்பிச்சிடுறேன் சார், தூக்கம் போயிடுது" என்றான். அவனுக்கு அகநானூற்றுக் களிற்றின் கதையைச் சொன்னேன். அந்தக் கொடிச்சி என்ன வரி பாடினாள் என்று கேட்டான். பண்ணின் பெயரைச் சொன்ன புலவர் பாட்டின் வரியைச் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.