பல்லும் உடல் நலமும்
1910-ஆம் ஆண்டு, கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் ஓர் உரை நிகழ்த்தினார். சீழ் கொண்ட வேர்களின்மேல் பொன்னுறை பூட்டும் வழக்கத்தைக் கடிந்து, அச்சீழே உடற்பிணி பலவற்றிற்கும் காரணம் என்றார். கருத்து பரவிற்று, கூடவே குறடும் ஓங்கிற்று. மூட்டு வலிக்கும் பல்லைப் பிடுங்கினர். அமெரிக்காவின் டிரென்டன் மனநோய் மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பார் சித்தம் கலங்கியோரின் பற்களையும் களைந்தார். பல் போயிற்று, பிணி போகவில்லை. 1930-களில் ஆய்வாளர் ஐயுறவே, அவ்வழக்கம் தேயலாயிற்று.

ஆயினும் வாய்க்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு பொய்யன்று. நீரிழிவு ஈறு நோயை வளர்க்கிறது. ஈறு நோயோ குருதியிலுள்ள சர்க்கரையை அடங்கவிடாது தடுக்கிறது. இதனை இன்று நாம் தெளிந்துள்ளோம். ஆகவே, எவ்வூரில் வாழினும் நாம் நாள்தோறும் களைய வேண்டியது பல்லிடுக்கின் அழுக்கை. காக்க வேண்டியது பல்லையும் ஈறுகளையும்.