அட்லாண்டிக்கைக் கடந்த நான்கு பற்கள்

சென்ற வாரம் எகிப்தின் ஃபயூம் பாலைவனத்தில் இருந்தோம். 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆறும் காடுமாகச் செழித்திருந்த அந்த மண்ணில், பாராபிதெசிட் என்ற குரங்குக் குடும்பம் வாழ்ந்து அற்றுப்போனதைப் பார்த்தோம். அதே குடும்பத்தின் பற்கள் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், பெரு நாட்டின் அமேசான் காட்டில் கிடைத்திருக்கின்றன. குரங்கின வரலாற்றில் இதைவிட வியப்பான ஒரு கண்டெடுப்பு இல்லை என்றே சொல்வேன்.

பிரேசில் எல்லைப் பக்கம், யுருவா ஆற்றங்கரையில் சாந்தா ரோசா என்றொரு இடம். கரை மண்ணை அள்ளிச் சல்லடையில் அலசி, மிஞ்சுவதை உலர்த்தி, நுண்ணோக்கியில் வைத்துப் பொறுக்குகிறார்கள். பெரும்பாலும் அகப்படுவது பல்தான். உடம்பிலேயே கடினமான பொருள் அதன் எனாமல்.

அங்கே கிடைத்த, உடைந்த மேல் கடைவாய்ப் பற்கள் இரண்டு 2016-இல் எரிக் சீஃபர்ட்டின் பார்வைக்கு வந்தன. ஃபயூம் குரங்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். தாழ்ந்து உப்பிய முகடுகள், அவற்றை நெருக்கிக்கொண்டு நிற்கும் குட்டி முகடுகள்: அவருக்கு நன்கு பழகிய அமைப்பு! ஆனால் உடைந்த இரண்டு பற்களை நம்பி ஒரு குரங்கைக் கடல் தாண்டவைத்துவிட முடியுமா? மறுபடியும் தேடினார்கள். கீழ்த்தாடைப் பற்கள் இரண்டு அகப்பட்டன. அவையும் எகிப்துப் பற்களையே உரித்துவைத்திருந்தன. சுமார் 350 கிராம் எடையே இருந்திருக்கக்கூடிய அந்தக் குரங்கு, 2020-இல் உகயாலிபிதெகஸ் பெர்டிட்டா என்று பெயர் பெற்றது.

அது வந்து சேர்ந்த காலத்துக்கு 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்துவிட்டன. தரைவழி கிடையாது. மிதந்துதான் வந்திருக்க வேண்டும். வெள்ளம் கரையைப் பெயர்த்து, வேரும் மண்ணும் பின்னிய மரத்திரளாகக் கடலில் தள்ளும். அதில் ஒண்டிய உயிர்களும் கூடவே போகும். 1995-இல் சூறாவளிகள் ஓய்ந்த பின், கரீபியனின் அங்கில்லா தீவில் 15 பச்சை இகுவானாக்களாவது இப்படி வந்து ஒதுங்கின. அங்கில்லாவுக்கு வந்தது சில நூறு கிலோமீட்டர் பயணம். அன்றைய அட்லாண்டிக் 1,500 முதல் 2,000 கிலோமீட்டர் அகலம் என்பது கணிப்பு. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அண்டார்டிகாவில் பனி திரண்டு கடல்மட்டம் தாழ்ந்ததில் அந்தத் தொலைவு இன்னும் குறைந்திருக்கும். சீமைப்பெருச்சாளியின் மூதாதைகளும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவைதாம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கடல்வழியை என்னால் மறுக்க முடியவில்லை.

இன்னொரு சான்று நம் வாயிலேயே இருக்கிறது. கோரைப்பல்லுக்கும் பெரிய கடைவாய்ப் பற்களுக்கும் இடையே, பக்கத்துக்கு இரண்டு முன்கடைவாய்ப் பற்கள் நமக்கு. நம்மூர்க் குரங்குகளுக்கும் அப்படியே. தென் அமெரிக்கக் குரங்குகளுக்கு மூன்று. பாராபிதெசிட்களுக்கும் மூன்று. நம் கிளை ஒன்றை இழந்துவிட்டது. அவை பழைய அமைப்பைக் காப்பாற்றிக்கொண்டன.

ஆனால் இன்றைய தென் அமெரிக்கக் குரங்குகளுக்கு உகயாலிபிதெகஸ் பாட்டன் அல்ல. அவற்றின் வம்சம் தனியாகக் கடல் கடந்திருக்கிறது. அதே சாந்தா ரோசாவில் கிடைத்து 2015-இல் அறிவிக்கப்பட்ட பெருபிதெகஸ் அந்த வம்சத்துக்கு நெருக்கமானதாக இருக்கலாம். அப்படியானால் குரங்குகள் அட்லாண்டிக்கைக் கடந்தது ஒருமுறை அல்ல, இருமுறை.

ஜமைக்கா தீவுக்கும் ஒரு குரங்கு கடல் வழியாகவே போனது. 2018-இல் டி.என்.ஏ. அதன் உறவினர் யாரென்று காட்டிக்கொடுத்த கதை அடுத்த வாரம்.