மென்மையான இதயம் என்று பெயர் கொண்ட பாதிரியார்

என் எதிர் மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர் உண்டு. முத்தியால்பேட்டைக்காரர். நெசவுக் குடும்பம். பழைய பிரெஞ்சுப் பத்திரம் எது வந்தாலும் பெரிய அதிகாரி அதை என் மேசைக்கு அனுப்பிவிடுவார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் அலுவலகத்தில் எனக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான். நண்பருக்கோ பிரெஞ்சு தெரியாது. ஆனால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஒவ்வொரு தொகுதியாக நூலகத்தில் எடுத்துப் படிப்பார்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு அடுக்கைத் திறந்தபடியே கேட்டார்: "உங்க சாமியார் ஒருத்தர் எங்க ஈசுவரனைக் காலால உதைச்சு, சம்மட்டியால உடைச்சிருக்கார். தெரியுமா உனக்கு?"

தெரியாது. எங்கள் பள்ளிப் புத்தகத்தில் கோல் நாட்டு வீரர்கள் இருந்தார்கள், நெப்போலியன் இருந்தார். எங்கள் ஊர் ஈசுவரன் கோயில் இல்லை. ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. காவி உடுத்தி மதுரையில் வாழ்ந்த ராபர்ட் தெ நொபிலியைச் சொன்னேன். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரைச் சொன்னேன். எங்கள் திருச்சபை பிறர் பண்பாட்டில் உள்ள நல்லதை மதிக்கும் திருச்சபை, 1965-இல் வத்திக்கான் சங்கமே அதை எழுதி வைத்துவிட்டது என்று பிரசங்கம் செய்தேன். அவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அதெல்லாம் சரி. நான் கேட்டது இவரைப் பத்தி" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து பதில் தேடினேன்.

அந்தச் சாமியாரின் பெயர் கஸ்தோன் லொரான் கெர்தூ. பிரெஞ்சில் 'கெர்' என்றால் இதயம், 'தூ' என்றால் மென்மையான. 1691-இல் பிரான்சின் பூர்ழ் நகரில் பிறந்தவர். யேசு சபைத் துறவி. 1732-இல் இந்தியா வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. 1779-இல் புதுச்சேரியிலேயே இறந்தார். 1744 முதல் 1751 வரை கர்நாடக மிஷனின் தலைவராக இருந்தவர்.

நண்பர் சொன்னது 1748 செப்டம்பரில் நடந்தது. இன்றைய மிஷன் வீதியில், நாங்கள் சம்பா கோயில் என்று அழைக்கும் பேராலயம் இருக்கும் இடத்தில், அப்போது யேசு சபையாரின் புனித பவுல் ஆலயம் இருந்தது. சேன் போல் என்பதுதான் எங்கள் ஊர் வாயில் சம்பா ஆயிற்று. அதை ஒட்டியே வேதபுரீசுவரர் கோயில். பக்கத்துக் கோயிலை அகற்றிவிட வேண்டும் என்று பாதிரிமார்கள் ஐம்பது ஆண்டுகளாக முயன்றும் நடக்கவில்லை. ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட வந்த நேரத்தில், கவர்னர் துய்ப்ளெக்சும் அவர் மனைவியும் சம்மதம் கொடுக்க, படையைக் காவல் வைத்து இடித்தார்கள். கெர்தூ பெரிய சம்மட்டியுடன் வந்து லிங்கத்தை உதைத்தார், உடைத்தார், மற்றச் சிலைகளையும் உடைக்கச் சொன்னார் என்று ரங்கப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்குக் காது சுட்டது. பிள்ளை கோபத்தோடுதான் எழுதியிருக்கிறார். அவர் இடத்தில் நானாக இருந்தால் இன்னும் கடுமையாக எழுதியிருப்பேன்.

இத்தோடு விட்டிருந்தால் நண்பருக்கு "நீ சொன்னது சரி" என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் இதே மனிதரின் கையெழுத்தில் வேறு காகிதங்களும் இருக்கின்றன.

கோயில் இடிப்புக்கு ஆறு வருடம் முன்னால், 1742 ஜனவரியில், அவர் பிரான்சுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சோழமண்டலக் கரையில் துணிக்குச் சாயம் எழுதும் முறை பற்றியது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவே நம் ஊர்ச் சீட்டித் துணிக்குப் பைத்தியமாக அலைந்தது. துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்பு அவர்களுக்குப் பிடிபடவில்லை. கெர்தூ தாம் ஞானஸ்நானம் கொடுத்த சாயக்காரர்களிடம் பல முறை, தனித்தனியாகக் கேட்டு, பதில்களை ஒப்பிட்டுப் பார்த்து எழுதினார். துணியைக் கடுக்காய் அரைத்த நீரில் எருமைப்பால் கலந்து ஊற வைப்பது, அடித்து வழவழப்பாக்குவது, மூங்கில் எழுதுகோலால் கோடு இழுப்பது, சாயவேரில் கொதிக்க விடுவது என்று ஒவ்வொரு படியும் அதில் இருக்கிறது. பசும்பால் ஏன் ஆகாது என்பதற்குக்கூடக் காரணம் சொல்கிறார்: எருமைப்பாலில்தான் கொழுப்பு அதிகம். தொழில் ரகசியத்தைப் பிரெஞ்சு வியாபாரிகளுக்குக் கொடுத்த வேலைதானே இது என்று இன்று நாம் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். இருந்தாலும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சாயக்காரரின் கையில் ஐரோப்பாவின் கெட்டிக்காரர்களிடம் இல்லாத அறிவு இருக்கிறது என்று அவர் கண்டதும், பொறுமையாக உட்கார்ந்து கேட்டதும் பொய்யில்லை.

ஆக, முதலில் உடைத்தார், பிறகு மனம் திருந்தி நல்லதைப் பார்த்தார் என்று நான் கதை கட்டிவிட முடியாது. தேதிகள் இடம் கொடுக்கவில்லை. சாயக்காரரின் பக்கத்தில் பணிந்து உட்கார்ந்தவரேதான் ஆறு வருடம் கழித்துச் சம்மட்டி எடுத்தார்.

பிறகு, எழுபதைத் தாண்டிய வயதில், அவர் செய்ததுதான் பெரிய காரியம். தெலுங்கு நாட்டில் பல காலம் ஊழியம் செய்து தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றவர் அவர். 1767-இல் பாரிசில் உள்ள கல்விக் கழகத்துக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். சமஸ்கிருதத்தில் இத்தனை சொற்கள் லத்தீனோடும் கிரேக்கத்தோடும் ஒத்திருக்கக் காரணம் என்ன? தானம், லத்தீனில் தோனும். விதவா, விதுவா. அக்னி, இக்னிஸ். சொற்களோடு நிற்காமல் வினைச்சொல் திரியும் விதத்தையும் காட்டினார். வியாபாரத்தாலோ போராலோ இப்படி ஒத்துப்போகாது, மூலம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அதற்கு அவர் சொன்ன விளக்கம் பாபேல் கோபுரக் கதை. அது போகட்டும். கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் இதையே சொல்லி உலகப் புகழ் பெற்றது 1786-இல். கெர்தூவின் கடிதம் அச்சானது 1808-இல். பாரிசில் அது நாற்பது வருடம் கிடப்பில் கிடந்தது. கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இன்னொரு கோப்பின் கதை இதைவிட மோசம். நம் மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் ஒரு பெரிய நூல் எழுதினார். அது அவர் பெயரில் வரவில்லை. அபே துபுவா என்ற மிஷனரி 2000 வராகனுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்று, 1816-இல் ஆங்கிலத்தில் வெளியாகி, ஆங்கில அதிகாரிகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த அந்தப் பிரபல புத்தகம், பெரும்பகுதி கெர்தூவின் எழுத்திலிருந்து எடுத்தது என்று சில்வியா முர் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 1987-இல் காட்டினார். 1777-ஆம் ஆண்டின் கையெழுத்துப் பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்து, பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டிருக்கிறார்.

கை வேலையில் நல்லதைக் கண்டார், மொழியில் கண்டார், குடும்ப வழக்கங்களைக் கவனித்து எழுதினார். பக்கத்துக் கோயிலில் மட்டும் அவர் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. அங்கே அவர் கண்டது பிசாசு ஒன்றைத்தான்.

நல்லதைப் பார்ப்பது என்று நாங்கள் பெருமையாகச் சொல்வதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நொபிலி தமிழர் வழக்கங்களை ஏற்றார் என்கிறோம். அவற்றோடு சாதியையும் ஏற்றார். மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், தாழ்த்தப்பட்டோருக்கு வேறு வகைச் சாமியார் என்று மிஷனே பிரிந்து நின்றது. 1703-இல் ரோமிலிருந்து தூர்னோன் என்ற பிரதிநிதி புதுச்சேரிக்கு வந்தார். உடம்பு சரியில்லாமல் ஊரைவிட்டு வெளியே போகாமலே எட்டு மாதம் இருந்து, 1704 ஜூனில் ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் வைத்த தாலி கூடாது, கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது, பெண் வயதுக்கு வந்ததைக் கொண்டாடக் கூடாது, நெற்றியில் சாம்பல் கூடாது. தமிழ்ப் பண்பாடு அறியாத மனிதர் என்று அவரைத் திட்டுவது எளிது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நோயில் கிடக்கும் சேரிக் கிறிஸ்தவர்களைப் பாதிரிமார் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று கட்டளையிட்டதும் அதே ஆணைதான். பண்பாட்டை மதித்த பெரியவர்கள் நுழையத் தயங்கிய வாசல் அது.

சம்பா கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சேரிக் கிறிஸ்தவர்கள். 1745 அக்டோபரில் சேரி மக்கள் திரண்டு போய்ப் பெரிய பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் இந்த வேற்றுமை எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அவரிடம் பதில் இல்லை. சுவர் இடிக்கப்பட்டது. சாதிக்காரர்கள் கொதித்தார்கள். இதையும் எழுதி வைத்தவர் ரங்கப் பிள்ளைதான். அப்போது மிஷன் தலைவர் நம் கெர்தூ. வேதம் சொல்ல வந்தவர்களுக்கு அன்று வேதத்தை எடுத்துச் சொன்னவர்கள் அந்தச் சேரிச் சனங்கள்.

என் பாட்டி கழுத்தில் சிலுவை பொறித்த தாலி இருந்தது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு எங்கள் வீடுகளில் இன்றும் நடக்கிறது. தூர்னோன் ஆணையை எங்கள் பெண்கள் படிக்கவே இல்லை போலும்.

கெர்தூவின் கடைசி ஆண்டுகளை நினைத்துப் பார்க்கிறேன். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். அவருடைய ஆலயமும் போயிற்று. சம்மட்டி எடுத்துப் பதின்மூன்றே ஆண்டுகள். 1773-இல் போப்பாண்டவரே யேசு சபையைக் கலைத்துவிட்டார். சபையும் இல்லாமல், கட்டிய கோயிலும் இல்லாமல், எண்பது வயதுக் கிழவராக இந்த ஊரில் இருந்தார். வேதபுரீசுவரருக்கு ஊர் மக்கள் சற்றுத் தள்ளி மீண்டும் கோயில் கட்டிக்கொண்டார்கள். இன்று ஈசுவரன் கோயில் தெரு என்றால் ரிக்‌ஷாக்காரருக்குக்கூடத் தெரியும். கெர்தூ என்றால் யாருக்குத் தெரியும்?

சென்ற மாதம் நண்பரைப் பார்க்கப் போனேன். கண்பார்வை மங்கிவிட்டது. அவரால் இப்போது படிக்க முடிவதில்லை. "நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டியே, பதில் கொண்டு வந்திருக்கேன்" என்றேன். முதலில், அவர் சொன்னது உண்மை, அது அக்கிரமம், அன்று நான் பேச்சை மாற்றியதும் தப்பு என்று சொன்னேன். பிறகு 1742-ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பிரெஞ்சில் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கடுக்காய் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எருமைப்பால் வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எங்க பாட்டி சொல்லும், அந்தக் காலத்துல துணி ஊறப்போட்ட வாசலுக்கு நாய்கூட வராதுன்னு. அவ்வளவு நாத்தமாம். அதைப் பத்தி எழுதியிருக்காரா உங்க சாமியார்?"

நான் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தேன்.