பெருந்தெருவும் பெற்றோல் வரியும்

ஒரு நாட்டின் பெருந்தெருக்களுக்கும் பாலங்களுக்கும் வேண்டும் பொருளை எவர் தருதல் வேண்டும், எவ்வாறு தருதல் வேண்டும் என்னும் வினா எளிதாய்த் தோன்றும். ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலில் அது ஏறத்தாழ எழுபதாண்டுகளாகத் தீராத வழக்காய் நின்று வருகின்றது.

1954ஆம் ஆண்டிலே சனாதிபதி ஐசனோவர், தளபதி லூசியஸ் கிளேயின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். கடன்பத்திரம் விற்றுத் தெருக்களை அமைத்துப் பெற்றோல் வரியினால் அக்கடனைப் பின்னர் இறுக்கலாம் என்பது அக்குழுவின் துணிபு. செனற் சபையின் நிதிக்குழுத் தலைவரான ஹரி பேர்ட் இதனை வன்மையாக எதிர்த்தார். தெருவுக்கு உதவவேண்டிய பணத்தை வட்டி விழுங்கிவிடும் என்பது அவர் வாதம். 1955இல் எத்திட்டமும் நிறைவேறவில்லை.

மறுவருடம் யூன் 29ஆந் தேதி உடன்பாடு சட்டமாயிற்று. 41,000 மைல் நீளமான பெருந்தெருக்களுக்காகும் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசு ஏற்றது. கலனுக்கு 2 சதமாயிருந்த வரி 3 சதமாக உயர்ந்து, தனி நிதியமொன்றிற் சேர்ந்தது. வரவுக்கு மிஞ்சிச் செலவிடலாகாது என்னும் பேர்டின் கொள்கையும் சட்டத்தில் இடம்பெற்றது. தெருவிற் செல்வோனே தெருவுக்கு இறுப்பான் என்பதே அதன் நெறி.

அந்நெறியினுள்ளே ஒரு குறையும் இருந்தது. வரி பெற்றோலின் விலையைப் பொறுத்ததன்று. கலனுக்கு இத்தனை சதம் என வரையறுக்கப்பட்டது. ஆகவே விலைவாசி ஏறுந்தோறும் காங்கிரசு அதனை உயர்த்தவேண்டியிருந்தது. 1959இல் 4 சதமாகவும், 1983இல் றீகன் காலத்தில் 9 சதமாகவும், 1993இல் 18.4 சதமாகவும் அது உயர்ந்தது. அதன்பின் எவரும் அதனைத் தொடத் துணிந்திலர். கட்டுமானச் செலவோ பெருகியது. மோட்டார் வண்டிகளும் ஒரு கலனில் முன்னிலும் நெடுந்தூரம் ஓடலாயின.

2007 ஓகஸ்ட் முதலாந் தேதி மினியாப்பொலிஸ் நகரிலே பெருந்தெருப் பாலமொன்று மிசிசிப்பி ஆற்றில் வீழ்ந்து பதின்மூவர் மாண்டனர். இணைப்புத் தகடுகள் வேண்டிய தடிப்பின்றி வரையப்பட்டமையே காரணம் என விசாரணை கண்டது. எனினும், பழைய பாலங்களைப் பற்றிய அச்சம் நாடெங்கும் பரவிற்று. பாலங்களுக்கென 5 சத வரி விதிக்கும் யோசனையைச் சனாதிபதி புஷ் ஏற்கவில்லை. மினசோட்டா மாநிலச் சட்டசபையோ, 2008இல் ஆளுநரின் மறுப்பையும் மேவித் தன் பெற்றோல் வரியை உயர்த்தியது.

அவ்வாண்டிலேயே வற்றிய மத்திய நிதியத்துக்குப் பொது வருவாயிலிருந்து 800 கோடி டொலர் மாற்றப்பட்டது. 2009 முதல் 2012 வரை குறுகிய கால நீடிப்புகளே பெருந்தெருச் சட்டத்தைத் தாங்கின. ஒரு பாலத்தை வரைந்து கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் வேண்டும். சில மாதங்களுக்கே உறுதியான பணத்தை நம்பி அத்தகைய பணியைத் தொடங்குதல் அரிது. 2015ஆம், 2021ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஐயாண்டு உறுதியை அளித்தனவாயினும், வரியை உயர்த்தாது பொது வருவாயையே நாடின. பொது வருவாய் செலவுக்குப் போதாது கடன் பெறும் அரசில், பேர்ட் அஞ்சிய கடன் புழைக்கடை வழியே புகுந்தது எனலாம்.

1919இல் அந்நாட்டில் முதன்முதல் பெற்றோல் வரி விதித்த மாநிலம் ஒறிகன். அம்மாநிலமே 2015இல், விரும்பிச் சேரும் வண்டிக்காரரிடம் ஓடிய மைலுக்கு வரி பெறும் முறையைத் தொடங்கியது. பெற்றோலின்றி மின்னால் ஓடும் வண்டிகள் பெருகும் காலத்திலே பழைய நெறிக்குப் புதிய அளவுகோல் தேடும் முயற்சி அது. தெருவை வேண்டுவோர் பலர். அதன் விலையை வெளிப்படையாய்க் கேட்கத் துணியும் அரசியலாளரோ சிலர். இவ்வழக்கு நீளுதற்குக் காரணமும் அதுவே.